கனுகலைக் குகையில் பாண் வண்டி

றஹீம் பயந்த சுபாவக்காரர் என்பது கனுகலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பேக்கரி அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பியவர் பாதி வழியில் திரும்பி வந்து, அணைந்துதான் கிடக்கிறதா என்று பார்ப்பார். பார்த்துவிட்டு மறுபடியும் பாதி வழி போய் நின்று யோசிப்பார். பண்டாரவளைக்கு ரயிலில் போனால், குகையைக் கடக்கிற அந்த ஒரு நிமிடமும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஓதுவார். பக்கத்தில் இருப்பவர்கள் முழங்கையால் இடித்து, “நானா, வெளிச்சம் வந்திருச்சு, கண்ணைத் தொறங்க” என்று சொல்ல வேண்டும். ஊரில் எல்லோருக்கும் அவர் நானா, அண்ணன்.

அவருடைய மனைவி ஸித்தி ஸுபைதா வெலிமடைக்காரி. “எங்கட ஊருல கோச்சியும் இல்ல, குகையும் இல்ல. இந்த மனிசனைக் கட்டினதுக்குப் பொறகுதான் நான் பயப்படப் படிச்சேன்” என்பாள்.

றஹீமை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அந்த ஊர் பிறந்ததே பயத்தில்தான். கனுகலையில் முதலில் வந்தது குகை, பிறகுதான் ஊர். பதுளைக்குத் தண்டவாளம் போட்ட காலத்தில், மலையைத் துளைக்க வந்தவர்கள் குகை வாசலில் கூடாரம் அடித்தார்கள். அந்தக் கூடார வரிசைதான் பின்னால் கடைத்தெரு ஆனது. மலை இடிந்து எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்பதற்குப் பட்டியல் இல்லை. அவர்களைப் புதைத்த மேட்டில் இன்றைக்குப் பையன்கள் கரப்பந்து விளையாடுகிறார்கள். கூடாரக்காரர்களுக்குப் பாண் சுட்டுப் போட்டவர் றஹீமின் பாட்டனார். நீராவி எஞ்சின் தண்ணீர் குடித்த தொட்டி, தேயிலைப் பெட்டிகள் கூரை முட்ட அடுக்கிக் கிடந்த சாமான் கொட்டகை, செட்டியார் புடவைக்கடை, பள்ளிவாசல், மாரியம்மன் கோயில் எல்லாம் அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாய் வந்தவை. தேயிலை லொறியில் போகத் தொடங்கியதும் கொட்டகை உரக் களஞ்சியமாகி, அப்புறம் வெறுமையாகி, இப்போது அதில் வௌவால்கள் இருக்கின்றன. கடைசி ஏழெட்டு வருடங்களாக வெள்ளைக்காரப் பிள்ளைகள் குகை வாசலில் நின்று படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவர்களை நம்பி மூன்று வீடுகளில் வாடகை அறை கட்டினார்கள்.

றஹீம் பயத்தைப் படித்தது எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில். அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. எதிர்க்கடைத் தமிழ்க் குடும்பத்தை வாப்பா மா மூட்டைகளுக்குப் பின்னால் இரண்டு நாள் ஒளித்து வைத்திருந்தார். ஒன்றும் நடக்காததுபோல் இருக்க வேண்டும் என்று றஹீமை முன்னால் கல்லாவில் உட்கார வைத்தார். கையில் தடியோடு வந்தவர்கள் பணிஸ் கேட்டார்கள். றஹீம் எடுத்துக் கொடுத்தார். உள்ளே யாராவது தும்மிவிடுவார்களோ என்று, அவர்கள் தின்று முடிக்கிற வரைக்கும் வாயில் எச்சில் ஊறவில்லை. யாரும் தும்மவில்லை. உள்ளே இருந்த பிள்ளைகளில் ஒருவன்தான் சிவஞானம். அவன் வளர்ந்து கனுகலை ஸ்டேஷனிலேயே போர்ட்டராகி, இன்றைக்கு ஓய்வுக்குப் பக்கத்தில் வந்துவிட்டான். அன்று தொடங்கிய பயம் றஹீமை விட்டுப் போகவே இல்லை. சும்மா இருக்கிற நாளிலும் எதையாவது காவல் காப்பவர்போலத்தான் அவர் உட்கார்ந்திருப்பார்.

போன கார்த்திகையில் அந்த மழை வந்தது. மூன்று நாள் மலை முழுதும் உறுமிக்கொண்டிருந்தது. நான்காம் நாள் விடிந்தபோது பண்டாரவளைப் பக்கம் தண்டவாளத்தை ஐந்து இடத்தில் மண் மூடியிருந்தது. ஊசிமலைத் தோட்டத்துக்கு ஏறுகிற ரோட்டு ஒரு வளைவோடு காணாமல் போயிருந்தது. ஊசிமலைத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்கள் குகைக்கு அந்தப் பக்கம். கனுகலைக் கடைத்தெருவும் ஆஸ்பத்திரியும் இந்தப் பக்கம். நடுவில் இருந்தது குகை ஒன்றுதான்.

ரயில் இல்லை என்றதும் ஜனங்கள் குகைக்குள் நடந்தார்கள். நடந்தவர்கள் சுமந்தார்கள். சுமந்து அலுத்ததும், தோட்டத்துப் பட்டறையில் ஃபிட்டர் வேலை பார்க்கும் தர்மலிங்கம் ஒரு வண்டி செய்தான். பழைய கதவுப் பலகை, லொறியிலிருந்து கழற்றிய பெயாரிங் நாலு, தண்டவாளத்தின் உட்புறத்தை உரசிக்கொண்டு ஓடச் சின்னப் பெயாரிங் நாலு. முன்னால் ஒரு மரக்கட்டை. அதில் டயர் துண்டு ஆணியடித்திருந்தது. கட்டையை அழுத்தினால் டயர் தண்டவாளத்தில் தேய்ந்து வண்டி நிற்கும். பாதை ஊசிமலையிலிருந்து கனுகலைக்கு இறக்கம். காலையில் பாண் பெட்டிகளோடு மேலே தள்ள வேண்டும். திரும்பும்போது உட்கார்ந்தால் போதும், தானே இறங்கும்.

றஹீம் குகைக்குள் போகச் சம்மதித்தது வேறு வழியில்லாமல். அவருடைய பாணில் முக்கால்வாசி ஊசிமலை லயங்களில்தான் விற்றது. முதல் வாரம் முழுக்க, இறங்கும்போது கட்டையை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. வண்டி மாட்டு வண்டியைவிட மெதுவாகப் போனது.

“நானா, எறங்கி நடந்தா இதை விட வெரசாப் போயிரலாம்” என்றான் தர்மலிங்கம்.

“நீ நட மகன். நான் வாறேன்.”

அவருக்குத் தைரியம் கொடுத்தது சிவஞானம் கண்டுபிடித்த ஏற்பாடு. இந்த மலைப்பாதையில் ரயில்களுக்கு டெப்லட் என்று ஒன்று உண்டு. பெரிய வளையத்தில் தொங்கும் ஒரு வட்டத் தகடு. ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் இடையில் ஒரு தகடுதான் வெளியே வரும். அது கையில் இருக்கிற டிரைவர்தான் போகலாம், மற்றவர் நிற்க வேண்டும். நூறு வருடமாக அந்த ஊர் பார்த்துப் பார்த்து நம்பிய சாமான் அது. பாண் வண்டியைப் பார்த்து விறகு வண்டி, கேஸ் வண்டி என்று இன்னும் இரண்டு வந்து, ஒருநாள் நடுக்குகையில் இரண்டு வண்டிகள் முட்டிக்கொண்டபோது, சும்மா இருந்த சிவஞானம் பால்மா டின் மூடியில் ஓட்டை போட்டுப் பிரம்பு வளையத்தில் கோத்தான். குகையின் இரண்டு வாசலிலும் ஒவ்வொரு ஆணி அடித்தான். மூடி எந்த ஆணியில் தொங்குகிறதோ அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொண்டு போகலாம்.

“இனி ஒங்களுக்கு என்ன பயம்? டெப்லட் கையில இருந்தா ஜனாதிபதியே வந்தாலும் வெளிய நிக்கணும்” என்றான் சிவஞானம்.

றஹீம் அதை நம்பினார். மூடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் குகைக்குள் அவருக்கு மூச்சு சீராக வந்தது. ஐம்பத்து நாலு வயதில் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்துகொண்டு அந்த இருட்டைக் கடந்தார். ஸுபைதாவிடம்கூட, “உள்ளுக்கு ஒண்டுமே இல்ல, சும்மா தண்ணிதான் சொட்டுது” என்று சொல்லிப் பார்த்தார்.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை. பாண் கொடுத்து முடிந்து, வெற்றுப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மணி பதினொன்று இருக்கும். மேலே கொழுந்து மலையிலிருந்து பெண்கள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். யாரோ கூடையை உதறி எறிந்ததில் கொழுந்து பாதையெங்கும் சிதறியது.

“குளவி. கனகத்தை மூடிக்கிச்சு.”

பருந்தோ என்னவோ கூட்டைக் கலைத்திருக்கிறது. மற்றவர்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்கைத் தலையோடு மூடிக்கொண்டு செடிக்கு அடியில் படுத்துவிட்டார்கள். தர்மலிங்கத்தின் மனைவி கனகம் நின்ற இடம் கல்மேடு. அவள் ஓடியிருக்கிறாள். தூக்கிக்கொண்டு வந்து லயத்து முன்னால் கிடத்தியபோது, அது கனகம் என்று புடவையை வைத்துத்தான் றஹீமால் சொல்ல முடிந்தது. கண் இரண்டும் வீங்கி மூடிவிட்டன. உதடு தடித்துப்போய், மூச்சு இழுக்கிறபோதெல்லாம் தொண்டையில் கீச்சென்று ஒரு சத்தம்.

தோட்டத்து மருந்துக்காரர் அன்றைக்கு டவுனில். போனுக்கு அந்தப் பக்கம் கோடு வராது. மலையைச் சுற்றித் தூக்கிப் போனால் மூன்று மணி நேரம். தர்மலிங்கம் பட்டறையிலிருந்து ஓடி வந்து அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு வண்டியைப் பார்த்தான். பிறகு றஹீமைப் பார்த்தான்.

“நானா.”

“பெட்டியெல்லாத்தையும் எறக்கு” என்றார் றஹீம்.

கனகத்தைப் பலகையில் படுக்க வைத்து, படங்கால் சுற்றிக் கயிற்றால் கட்டினார்கள். முன்னால் கட்டையைப் பிடித்தபடி பலகையில் றஹீம். பின்னால் கயிற்றை இழுத்துப் பிடித்தபடி தர்மலிங்கம் நடந்து வந்தான். மூடி றஹீமின் கழுத்தில் தொங்கியது. வாசலைத் தாண்டும்போது அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பாதை நம்முடையது என்று நினைத்தார். டின் மூடிக்குக் கட்டுப்படாத ஒன்றும் இந்தத் தண்டவாளத்தில் வரலாம் என்பது, அணைத்த அடுப்பைத் திரும்பி வந்து பார்க்கிற அந்த மனிதருக்கு அன்று தோன்றவே இல்லை. சித்திரைக்கு முன்னால் பாதை திறக்காது என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது.

குகை நடுவில் வளைவு. அங்கே போனால் இரண்டு வாசலும் தெரியாது. தர்மலிங்கத்தின் போன் வெளிச்சம் ஈரச் சுவரில் வழுக்கிக்கொண்டு வந்தது. தண்ணீர் சொட்டுவதும் கனகத்தின் தொண்டைக் கீச்சும் மட்டும்தான் சத்தம். கீச்சுக்கும் கீச்சுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனது. றஹீம் அதை எண்ணத் தொடங்கினார். மூன்று. நாலு. நாலு. ஐந்து.

“கனகம், தூங்கிராத புள்ள. சின்னவன் கேப்பான், அம்மா எங்கன்னு. நான் என்னத்தச் சொல்ல?” என்று தர்மலிங்கம் பேசிக்கொண்டே வந்தான்.

முதலில் றஹீமின் கைக்குத்தான் தெரிந்தது. கட்டை வழியாக ஒரு நடுக்கம் ஏறியது. டயர் தேய்கிற நடுக்கம் இல்லை, வேறு. குனிந்து தண்டவாளத்தில் உள்ளங்கையை வைத்தார். இரும்பு உயிரோடு இருந்தது.

“தருமு, நில்லு.”

“என்னங்க?”

மேற்பக்கத்திலிருந்து, அவர்கள் வந்த வழியாகவே, ஹார்ன் வந்தது. குகை அதை வாங்கி உருட்டியதில் எவ்வளவு தூரத்தில் என்று சொல்ல முடியவில்லை. பின்னால் சுவர் மெதுவாக மஞ்சளாகத் தொடங்கியது.

குகைச் சுவரில் இருபது அடிக்கு ஒரு மாடம் உண்டு, ஆள் ஒதுங்க. மழையில் வந்த சேறும் கல்லும் எல்லா மாடத்தையும் வாய்வரைக்கும் அடைத்திருந்தன. நிற்கிற மனிதன் சுவரோடு ஒட்டினால் தப்பலாம். படுத்திருப்பவளை ஒட்ட வைக்க முடியாது.

“தூக்கு, தூக்கிருவம்” என்று றஹீம் கயிற்று முடிச்சைத் தேடினார். அவசரமாக இழுத்ததில் முடிச்சு இன்னும் இறுகியது.

“நேரமில்லீங்க. கட்டையை அழுத்தாதீங்க. அவளோட வண்டியிலயே கீழ போயிருங்க.”

“நீ ஏறு.”

“மூணு பேருன்னா வளைவுல கவுந்திரும் நானா. நான் செய்த வண்டி, எனக்குத் தெரியாதா? நான் செவத்தோட ஒட்டிக்கிறேன். போங்க.”

“தருமு...”

“அவ செத்துருவா, போங்கங்கிறேன்.” முதுகில் கை வைத்துத் தள்ளினான்.

றஹீம் கட்டையிலிருந்து கையை எடுத்தார்.

வண்டி முதலில் யோசித்தது. பிறகு போனது. பெயாரிங் சத்தம் முனகலிலிருந்து கீச்சலாகி, கீச்சலிலிருந்து ஒரே அலறலானது. இருட்டு முகத்தில் அறைந்தது. ஓத வாயைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்து சொற்களை அடைத்தது. ஒரு கையால் பலகை விளிம்பையும் ஒரு கையால் கனகத்தின் தோளையும் பிடித்துக்கொண்டார். வளைவில் வண்டி ஒரு பக்கமாய் எழும்பியது. இடப்பக்கச் சக்கரங்கள் தண்டவாளத்தை விட்டது தெரிந்தது. அந்தரத்தில் இருந்த அந்த நொடியில் அவருக்கு வந்த நினைவு, கனகத்தின் தொண்டைச் சத்தம் கேட்கவில்லையே என்பதுதான். பிறகு சக்கரம் பொத்தென்று திரும்ப விழுந்தது. முன்னால் நகத்தளவு வெளிச்சம் தெரிந்து, வட்டமாகி, வெயிலாகி மேலே கொட்டியது.

வாசலில் சிவஞானம் சிவப்புக் கொடியோடு நின்றிருந்தான். அவன் வாய் அசைந்தது. என்ன சொன்னான் என்று கேட்கவில்லை, அவனைத் தாண்டியாகிவிட்டது. கட்டையை அழுத்தினார். டயர் புகைந்து பிய்ந்து பறந்தது. இரண்டு கால்களையும் இறக்கிச் சிலிப்பர் கட்டைகளில் தேய்த்தார். செருப்பு போனது. பிளாட்பாரத்தை ஒட்டிப் பாதை சமமாகிற இடத்தில் வண்டி களைத்து, ஆடி, நின்றது.

குனிந்து காதை அவள் வாய்க்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு. கீச்.

ஆட்களும் ஆட்டோவும் எப்படி வந்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. கனகத்தை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஸுபைதா பேக்கரியிலிருந்து ஓடி வந்து, ஆட்டோவில் அவளோடு ஏறிக்கொண்டாள்.

றஹீம் பிளாட்பார விளிம்பில் உட்கார்ந்து குகை வாசலையே பார்த்தார். சிவஞானம் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

“பாதை பார்க்க எஞ்சின் விட்டிருக்காங்க. விட்ட பொறகுதான் போன் வருது. டெப்லட் மெசின் பூட்டிக் கெடக்கு, தகடு இல்லாம வெறும் உத்தரவுக் கடுதாசியில வருது. ஓடி வந்து பாத்தா ஆணியில மூடி இல்ல. நீங்க உள்ள. நான் என்ன செய்ய?”

“தர்மலிங்கம் உள்ளுக்கு இரிக்கான்.”

சிவஞானம் கொடியைச் சுருட்டிக்கொண்டு குகையைத் திரும்பிப் பார்த்தான்.

“நான்தான் உட்டுட்டு வந்தேன்” என்றார் றஹீம்.

குகை வாய் கறுப்பாக இருந்தது. அதில் எதுவும் அசையவில்லை. ஐந்து நிமிடம் போனது. சுவரோடு ஒட்டினால் தப்பலாம் என்று அவன்தானே சொன்னான். சுவரெல்லாம் சேறு. வழுக்கியிருந்தால்? ஒரு நிமிடத்தில் கடக்கிற குகையில் எஞ்சின் ஏன் இன்னும் நிற்கிறது? எதற்காக நிறுத்துவார்கள்? அதற்கு ஒரே ஒரு காரணம்தான் அவருக்குத் தோன்றியது. தேய்ந்த பாதத்திலிருந்து இரத்தம் பிளாட்பாரத்துக் கல்லில் சொட்டியதைச் சிவஞானம்தான் பார்த்தான். துவாயைக் கிழித்துக் கட்டினான். றஹீம் குகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எஞ்சின் வந்தது. நடக்கிற வேகத்தில், ஒவ்வொரு சிலிப்பர் கட்டையாகத் தொட்டுப் பார்ப்பதுபோல் வந்தது. முன்பலகையில் இரண்டு தொழிலாளிகள் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டிரைவருக்குப் பக்கத்து ஜன்னலில், முகம் முழுக்கச் சேறோடு தர்மலிங்கம்.

இறங்கியதும் அவன் கேட்டது, “மூச்சு இருந்துச்சா?”

“இருந்திச்சி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க.”

டிரைவர் இறங்கி வந்து, இந்த வண்டியைச் செய்த மடையன் யார் என்று சிங்களத்தில் கேட்டார். தர்மலிங்கம் கையைத் தூக்கினான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தன் வேகம் மணிக்கு ஐந்து கிலோமீட்டர்தான் என்றும், வளைவில் போன் வெளிச்சத்தைக் கண்டு நூறு அடிக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டதாகவும், உருண்டு விழுந்த கல்லைப் புரட்டிவிட்டு வர நேரமானதாகவும் சொன்னார். சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். “நடந்து வந்த எஞ்சினுக்கு நானா பறந்து வந்திருக்காரு.”

றஹீம் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அவர் காதுக்குள் வண்டி இன்னும் அலறிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஸுபைதா வாசலிலேயே நின்றாள். ஊசி போட்டாகிவிட்டது, ஒட்சிசன் வைத்திருக்கிறார்கள் என்றாள். டாக்டர் இளம் பெண். உடம்பில் அறுபத்திரண்டு கொடுக்கு எடுத்ததாகச் சொன்னாள். “பத்து நிமிசம் பிந்தியிருந்தா தொண்டை முழுசா அடைச்சிருக்கும். நிண்டு நிதானமா வந்திருந்தீங்கன்னா இந்நேரம் வேற மாதிரி பேசிக்கிட்டிருப்போம்.”

வெளியே வாங்குப் பலகையில் றஹீமும் தர்மலிங்கமும் உட்கார்ந்தார்கள். ஸுபைதா தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். மூன்று மணிக்குக் கனகம் கண் திறக்கவில்லையென்றாலும் விரலை அசைத்தாள். தர்மலிங்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நின்றுகொண்டே இருந்தான்.

“உக்காரேன்” என்றார் றஹீம்.

“புள்ளைங்க ரெண்டும் லயத்துல நானா. அம்மா செத்துட்டான்னு யாராச்சும் சொல்லியிருப்பாங்க. எங்கட ஆளுங்களைத் தெரியுமே. போன் கோடும் இல்ல. இருட்டுறதுக்குள்ள போயிரணும்.”

“எப்பிடிப் போவ?”

அவன் மலை முகட்டைப் பார்த்தான். குகை வாசலில் இப்போது சங்கிலி கட்டியிருந்தார்கள். எஞ்சின் மாலை வரைக்கும் மேலும் கீழும் ஓடும் என்றும், யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது என்றும் சிவஞானமே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். மலையைச் சுற்றிப் போனால் வழியிலேயே இருட்டிவிடும். மிச்சமிருந்தது குகைக்கு மேலே மலையைக் குறுக்கே வெட்டிப் போகிற பழைய ஒற்றையடிப் பாதை. மழையில் அது பாதி சரிந்து, மீதி வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் கல்லைப் போட்டால் விழுகிற சத்தம் கேட்பதில்லை என்று பையன்கள் சொல்வார்கள். கார்த்திகைக்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் போனதில்லை.

“நானும் வாறேன்” என்றார் றஹீம்.

ஸுபைதா தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். “இந்தக் காலோட எங்க போறீங்க? ஒங்களுக்கென்ன விசரா?”

“அவனைத் தனிய உட ஏலா ஸுபைதா.”

“நானா, ஒங்களுக்குப் பயம்” என்றான் தர்மலிங்கம். கேலியாகச் சொல்லவில்லை.

“ஓ, பயம்தான். எங்க கால் வைக்கக் கூடாதுண்டு எனக்குத்தான் முதல்ல தெரியும். நீ என்ட பின்னால வா.”

நாலரை மணிக்கு ஏறத் தொடங்கினார்கள். றஹீம் கையில் ஒரு மூங்கில் கழி. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் மண்ணைக் குத்திப் பார்த்தார். குத்திவிட்டு நின்றார். நின்றுவிட்டு இன்னொரு முறை குத்தினார். மேலே போகப் போகப் புல் சாய்ந்திருந்த விதம் மாறியது. மரங்கள் எல்லாம் பள்ளத்தைப் பார்த்துத் தலை குனிந்திருந்தன. கீழே எங்கோ எஞ்சின் குகைக்குள் நுழைகிற சத்தம் கேட்டது. அவர்கள் காலடியில் மலை லேசாக அதிர்ந்தது. பக்கத்து வெடிப்பின் விளிம்பிலிருந்து ஒரு பிடி மண் உதிர்ந்து உள்ளே போனது.

இருவரும் அசையாமல் நின்றார்கள்.

அதிர்வு அடங்கும் வரைக்கும் றஹீம் காத்திருந்தார். பிறகு கழியை நீட்டி, ஒரு முழம் தள்ளி, மெதுவாகக் குத்தினார். மண் தாங்கியது. அங்கே பாதத்தை வைத்தார்.